சுருக்கப்பட்ட ஒலிக்கோப்புகளை விரித்தல்: ஒலித்தொகுப்பு வரலாற்றில் ஒரு பகுதி

ஒலிக்கோப்பு விரித்தல் என்பது எம்பி3 போன்ற சுருக்கப்பட்ட வடிவில் உள்ள ஒலியை, வெட்டவும் ஒட்டவும் கலக்கவும் ஏற்ற சுருக்கமற்ற வடிவுக்கு மாற்றும் செயலாகும். பெரும்பாலும் வேவ் என்னும் கோப்பு வடிவம் இதற்குப் பயன்படுகிறது. இன்றைய ஒலித்தொகுப்பு மென்பொருள்கள் இந்த மாற்றத்தைப் பயனர் கேட்காமலேயே செய்துவிடுகின்றன. அதனால் இப்படி ஒரு படிநிலை இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. விரித்தவுடன் கோப்பின் அளவு பத்து மடங்குக்கும் மேல் பெருகுவதைப் பார்ப்பவர்கள், ஒலியின் தரமும் அவ்வாறே உயர்ந்துவிட்டதாக எண்ணுவதுண்டு. அது சரியன்று. சுருக்கிய வடிவமும் சுருக்காத வடிவமும் வெவ்வேறு தேவைகளுக்காக, வெவ்வேறு காலங்களில் தோன்றியவை. அவற்றின் வரலாற்றைப் பார்த்தால், ஏன் விரிக்க வேண்டும் என்பதும் விரிப்பதால் எது திரும்பக் கிடைக்காது என்பதும் தெளிவாகும்.

நாடாவும் பிளேடும்

ஒலியைத் திருத்தும் கலை கணினிக்கு முற்பட்டது. செருமனியின் ஏ.இ.ஜி. நிறுவனம் 1935ஆம் ஆண்டு பெர்லின் வானொலிக் கண்காட்சியில் மேக்னட்டோஃபோன் என்னும் காந்த நாடாப் பதிவுக் கருவியைக் காட்சிக்கு வைத்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய ஜாக் மல்லின் என்னும் பொறியாளர் அத்தகைய இரண்டு கருவிகளைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார். 1947இல் பாடகர் பிங் கிராஸ்பியின் வானொலி நிகழ்ச்சிகளை அவர் நாடாவில் பதிந்து, வேண்டாத பகுதிகளை வெட்டி ஒட்டி ஒலிபரப்புக்கு அளித்தார். 1948இல் ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் நாடாப்பதிவுக் கருவி சந்தைக்கு வந்தபின் இம்முறை வானொலி நிலையங்களிலும் இசைப்பதிவுக் கூடங்களிலும் பரவியது.

தொகுப்பாளர் நாடாவைக் கையால் முன்னும் பின்னும் நகர்த்தி, வெட்ட வேண்டிய இடத்தைக் காதால் கண்டுபிடித்து, பென்சிலால் குறியிட்டு, பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டுவார். நாடாவின் எந்தப் புள்ளியிலும் வெட்டலாம் என்பது இம்முறையின் பெரிய வசதி. குறையும் ஒன்று இருந்தது. நாடாவிலிருந்து நாடாவுக்குப் படியெடுக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடிக்கொண்டே போகும். படியின் படி, அதன் படி என்று செல்லச் செல்லத் தெளிவு குறையும். இதைத் தலைமுறை இழப்பு என்பர். எம்பி3 கோப்புகளைத் தொகுக்கும்போதும் இதே சிக்கல் வேறு வடிவில் திரும்பி வந்தது.

ஒலி எண்களானது

படியெடுத்தாலும் குறையாத ஒலிக்கு வழி காட்டியவர் ஆங்கிலப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ். பாரிசில் ஒரு தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர், 1937இல் துடிப்புக் குறிமுறைப் பண்பேற்றம் என்னும் முறையை வகுத்து, 1938இல் பிரான்சில் காப்புரிமை பெற்றார். இது சுருக்கமாகப் பி.சி.எம். எனப்படும். ஒலியலையின் உயரத்தைச் சீரான இடைவெளியில் அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதிவைப்பதே இம்முறை. அவ்வாறு எடுக்கப்படும் அளவு ஒவ்வொன்றும் மாதிரி எனப்படும்.

ஒரு வினாடிக்கு எத்தனை மாதிரிகள் வேண்டும் என்ற வினாவுக்கு ஹாரி நைக்விஸ்ட் 1928இலும் கிளாட் ஷானன் 1949இலும் வெளியிட்ட ஆய்வுகள் விடை தந்தன. பதிய வேண்டிய மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கும் அதிகமான மாதிரிகள் இருந்தால், அந்த எல்லைக்குட்பட்ட ஒலியை முழுமையாக மீட்டெடுக்கலாம். மனிதச் செவியின் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். எனவே வினாடிக்கு 40,000 மாதிரிகளுக்குச் சற்று மேல் தேவை.

சோனி, பிலிப்ஸ் நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிய குறுந்தகடு 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதற்கு வினாடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட்டுகள், இரண்டு தடங்கள் என்று வரையறுக்கப்பட்டது. 44,100 என்ற எண் நிகழ்பட நாடாக் கருவிகளிலிருந்து வந்தது. அக்காலத்தில் எண்ணிம ஒலியைப் பதிய அந்தக் கருவிகளே பயன்பட்டன. ஒரு கோட்டுக்கு 3 மாதிரி, ஒரு புலத்துக்கு 245 கோடுகள், வினாடிக்கு 60 புலங்கள் எனப் பெருக்கினால் 44,100 கிடைக்கும்.

இந்தக் கணக்கின்படி குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு நிமிட ஒலிக்கு 1,05,84,000 பைட்டுகள் தேவை. அளவு பெரிதுதான். ஆனால் ஒவ்வொரு மாதிரியும் தனித்து நிற்கும் எண் என்பதால், எந்த மாதிரியிலும் வெட்டலாம்; எண்ணைப் பெருக்கினால் ஒலி கூடும்; இரண்டு எண்களைக் கூட்டினால் இரண்டு ஒலிகள் கலக்கும். எத்தனை முறை படியெடுத்தாலும் எண் மாறாது. நாடா தந்த சுதந்திரம் நாடாவின் இரைச்சல் இல்லாமல் கிடைத்தது.

கணினியில் ஒலித்தொகுப்பு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தாமஸ் ஸ்டாக்ஹாம் 1975இல் தொடங்கிய சவுண்ட்ஸ்ட்ரீம் நிறுவனம், எண்ணிம ஒலியைக் கணினி வட்டில் ஏற்றித் தொகுப்பதில் முன்னோடி. பாடகர் கருசோவின் பழைய இசைத்தட்டுப் பதிவுகளைக் கணினியால் சீர்ப்படுத்தியதும் ஸ்டாக்ஹாம்தான். அவை 1976இல் வெளியாயின. 1989இல் டிஜிடிசைன் நிறுவனத்தின் சவுண்ட் டூல்ஸ், 1991இல் அதே நிறுவனத்தின் புரோ டூல்ஸ் ஆகியவை வந்தபின், மேசைக்கணினியே பதிவுக்கூடத்தின் மையமாக மாறத் தொடங்கியது.

கணினிகளுக்கிடையே ஒலியைப் பரிமாறப் பொதுவான கோப்பு வடிவங்களும் தேவைப்பட்டன. ஆப்பிள் நிறுவனம் 1988இல் ஏ.ஐ.எஃப்.எஃப். வடிவத்தையும், மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம். நிறுவனங்கள் 1991இல் வேவ் வடிவத்தையும் வெளியிட்டன. வேவ் கோப்பின் அமைப்பு எளிது. மாதிரி வீதம், பிட் அளவு, தடங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்லும் சிறு தலைப்பு முதலில் இருக்கும், அதன்பின் பி.சி.எம். எண்கள் வரிசையாக வரும். அளவைக் குறிக்க 32 பிட்டுகளே ஒதுக்கப்பட்டதால், ஒரு கோப்பு ஏறத்தாழ 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது. குறுந்தகட்டுத் தரத்தில் அது சுமார் ஆறே முக்கால் மணி நேர ஒலி. 1997இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் பதிவு நாள், நேரம், மூலம் முதலிய விவரங்களுக்கும் இடமளித்து ஒலிபரப்பு வேவ் என்னும் வடிவை உருவாக்கியது. ஆவணக் காப்பகங்கள் இன்று அதையே பெரிதும் கையாள்கின்றன.

சுருக்கத்தின் பிறப்பு

தொகுப்பவருக்கு ஏற்ற வடிவம், அனுப்புபவருக்குச் சுமையாக இருந்தது. 1990களின் பிற்பகுதியில் வீடுகளில் இருந்த இணைய இணைப்பின் உச்ச வேகம் வினாடிக்கு 56,000 பிட்டுகள். அந்த வேகம் முழுமையாகக் கிடைத்தாலும், நான்கு நிமிடப் பாடல் ஒன்றை வேவ் வடிவில் இறக்க ஒரு மணி நாற்பது நிமிடங்கள் ஆகும்.

இத்தகைய தடைக்குத் தீர்வு தேடும் பணி செருமனியின் எர்லாங்கன்-நியூரம்பெர்க் பல்கலைக்கழகத்தில் முன்பே தொடங்கியிருந்தது. அங்குப் பேராசிரியராக இருந்த டீட்டர் சைட்சர், தொலைபேசிக் கம்பி வழியே இசையை அனுப்ப விரும்பினார். அவருடைய மாணவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் 1980களில் இந்த ஆய்வை முன்னெடுத்தார். பின்னர் எர்லாங்கனில் உள்ள ஃபிரான்ஹோஃபர் நிறுவனமும் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் உள்ளிட்ட பிற குழுக்களும் இதில் பங்கேற்றன. 1988இல் அமைக்கப்பட்ட எம்பெக் குழு 1992இல் தன் முதல் தரத்தை முடித்தது. 1993இல் அது வெளியானது. அதன் ஒலிப்பகுதியின் மூன்றாம் அடுக்கே எம்பி3. கோப்புப் பெயரின் இறுதியில் எம்பி3 என்று குறிப்பிடும் வழக்கம் 1995 சூலையில் முடிவானது.

இச்சுருக்கத்தின் அடிப்படை மனிதச் செவியின் இயல்பு. உரத்த ஒலி ஒன்று கேட்கும்போது, அதற்கு நெருங்கிய அதிர்வெண்ணில் உள்ள மெல்லிய ஒலி செவிக்கு எட்டுவதில்லை. இதை மறைத்தல் விளைவு என்பர். எம்பி3 குறிமாற்றி ஒலியைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எது கேட்கும், எது மறையும் என்று கணிக்கிறது. மறையும் பகுதியை விட்டுவிடுகிறது அல்லது மிகத் தோராயமாக எழுதுகிறது. தோராயத்தால் உண்டாகும் இரைச்சலும் உரத்த ஒலியின் நிழலில் மறைந்துவிடும்.

கணிப்பு சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, சூசன் வேகா 1987இல் வெளியிட்ட டாம்ஸ் டைனர் என்னும் பாடலைப் பிராண்டன்பர்க் பயன்படுத்தினார். பக்க இசை இல்லாத தனிக்குரல் என்பதால் பிழைகள் அதில் ஒளிய இடமில்லை. தொடக்கத்தில் அந்தக் குரல் மோசமாகச் சிதைந்தது. பலமுறை திருத்தியபின்தான் முறை தேறியது.

வினாடிக்கு 1,28,000 பிட்டுகள் என்ற வீதத்தில் ஒரு நிமிட ஒலி 9,60,000 பைட்டுகளுக்குள் அடங்கியது. குறுந்தகட்டு அளவில் அது பதினொன்றில் ஒரு பங்கு. ஒன்றே முக்கால் மணி நேரத்தை நெருங்கிய பதிவிறக்கம் சுமார் ஒன்பது நிமிடமாகக் குறைந்தது. 1997இல் வினாம்ப் இயக்கியும் 1999இல் நாப்ஸ்டர் பகிர்வுச் சேவையும் வந்தபின் எம்பி3 உலகெங்கும் பரவியது.

ஏன் விரிக்க வேண்டும்?

எம்பி3 கோப்பில் மாதிரிகள் எண்களாக இருப்பதில்லை. 1,152 மாதிரிகள் கொண்ட சட்டகங்களாக ஒலி பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு சட்டகமும் அதிர்வெண் கூறுகளாக எழுதப்படுகிறது. குறுந்தகட்டு வீதத்தில் ஒரு சட்டகத்தின் நீளம் ஏறத்தாழ 26 மில்லிவினாடி. ஒரு வல்லின எழுத்தைச் சொல்லும்போது எழும் வெடிப்பொலி அதைவிடக் குறுகியது. எனவே பேச்சின் இடையே துல்லியமாக வெட்டச் சட்டக எல்லை போதாது. மேலும், அடுத்தடுத்த சட்டகங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒரு சட்டகத்துக்குரிய தரவின் ஒரு பகுதி அதற்கு முந்தைய சட்டகங்களில் மிஞ்சிய இடத்தில் வைக்கப்படுவதும் உண்டு. நடுவில் வெட்டினால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும்.

கோப்பை விரிக்காமலே சட்டக எல்லையில் வெட்டும் மென்பொருள்களும், 1.5 டெசிபல் படிகளில் ஒலியளவை மாற்றும் கருவிகளும் உள்ளன. நீண்ட பதிவின் முன்னும் பின்னும் உள்ள மௌனத்தை நீக்க அவை போதும். இரண்டு ஒலிகளைக் கலக்கவோ, இரைச்சலைக் குறைக்கவோ, ஒலியை மெல்ல மெல்லத் தேய்த்து முடிக்கவோ மாதிரிகள் எண்களாக வேண்டும். ஆகவே முதலில் விரித்தாக வேண்டும்.

இந்தப் பணியைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்ததில் கட்டற்ற மென்பொருள்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸ்ஸோனியும் ரோஜர் டானன்பர்க்கும் 1999இல் தொடங்கிய ஆடாசிட்டி, 2000 மே மாதம் வெளியானது. எம்பி3 கோப்பைத் திறந்தவுடன் அது முழுவதையும் மாதிரிகளாக விரித்து, தன் திட்டக் கோப்பில் சேமித்துக்கொள்கிறது. 2000இல் ஃபப்ரிஸ் பெல்லார் தொடங்கிய எஃப்.எஃப்.எம்பெக், கட்டளை வரியில் நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரே மூச்சில் மாற்ற உதவியது. எம்பி3 காப்புரிமைகளால் பல ஆண்டுகள் சிக்கல் நீடித்தது. ஆடாசிட்டி பயனர்கள் எம்பி3 ஆகச் சேமிக்க லேம் என்னும் குறிமாற்றியைத் தனியே இறக்கி நிறுவ வேண்டியிருந்தது. ஃபிரான்ஹோஃபர் தன் எம்பி3 உரிமத் திட்டத்தை 2017இல் முடித்துக்கொண்டபின் இந்தத் தடை நீங்கியது.

விரித்தால் திரும்ப வருமா?

சுருக்கம் இருவகை. மடித்துவைத்த வேட்டியை விரித்தால் முழு வேட்டியும் கிடைக்கும். இது இழப்பற்ற சுருக்கம். ஜோஷ் கோல்சன் உருவாக்கி 2001இல் முதல் நிலைப்பதிப்பாக வந்த ஃபிளாக் வடிவம் இவ்வகையைச் சேர்ந்தது. அதை விரித்தால் மூலத்தின் ஒவ்வோர் எண்ணும் மாறாமல் வரும். கத்தரித்த துணியை விரித்தால் கத்தரித்த அளவே கிடைக்கும். எம்பி3 இவ்வகையானது. அதிலிருந்து பெற்ற வேவ் கோப்பு பதினொரு மடங்கு பெரியதாக இருந்தாலும், அதில் உள்ள ஒலி எம்பி3 கோப்பில் இருந்த ஒலிதான். ஒரு கோப்பின் பெயர் வேவ் என்று முடிவதால் மட்டும் அது மூலப்பதிவு ஆகிவிடாது.

விடுபட்டது எவ்வளவு என்பதைக் காதால் கேட்கும்படி செய்த ஒரு முயற்சி குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பயின்ற இசையமைப்பாளர் ரையன் மக்வயர், எம்பி3 ஆக்கும்போது நீக்கப்படும் ஒலிகளை மட்டும் பிரித்தெடுத்து இசைப்படைப்பாக்கினார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த பாடலும் டாம்ஸ் டைனர்தான். எந்தக் குரலைக் காப்பதற்காக முறை செப்பனிடப்பட்டதோ, அந்தக் குரலின் கழிக்கப்பட்ட மூச்சும் எதிரொலியும் மங்கலாக அதில் கேட்கின்றன.

சாதாரணமாகக் கேட்பவருக்கு இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. எம்பி3 அவருக்காகவே வகுக்கப்பட்டது. சிக்கல் தொகுப்பவருக்கே. குறிமாற்றியின் கணிப்பு, ஒலி உள்ளபடியே கேட்கப்படும் என்ற எண்ணத்தில் அமைந்தது. தொகுப்பவர் உரத்த ஒலியைத் தணித்து, மெல்லிய ஒலியை உயர்த்துகிறார். ஓர் அதிர்வெண்ணை வடிகட்டி, மற்றொன்றை முன்னுக்குக் கொண்டுவருகிறார். அப்போது நிழலாக நின்ற ஒலி விலகிவிடுகிறது. அதன் மறைவில் இருந்த இரைச்சல் வெளிப்படுகிறது. ஓர் ஊர்வலத்தின் எம்பி3 பதிவிலிருந்து மேள ஒலியைக் குறைத்து, பின்னால் பேசுபவரின் குரலைத் தெளிவாக்க முயன்றால், மேளத்தின் நிழலில் இருந்தது என்று கருதி அக்குரலின் பகுதிகளைக் குறிமாற்றி முன்பே விட்டிருக்கக்கூடும். விரிப்பதால் அவை வரமாட்டா.

தலைமுறை இழப்பு மீண்டும்

தொகுத்த கோப்பை மறுபடி எம்பி3 ஆகச் சேமித்தால், முதல் கணிப்பில் எஞ்சியதன்மேல் இரண்டாம் கணிப்பு நடக்கிறது. திறந்து, திருத்தி, மூடும் ஒவ்வொரு முறையும் இவ்வாறே. நாடாக் காலத்துத் தலைமுறை இழப்பு இப்படித்தான் எண்ணிம உலகில் திரும்பி வந்தது. அதைத் தடுக்கும் வழி, ஒருமுறை விரித்தபின் பணி முடியும்வரை சுருக்கமற்ற வடிவிலேயே வைத்திருந்து, இறுதியில் ஒரே ஒருமுறை சுருக்குவது. தொகுப்புக்கு முன் வேவ் ஆக்கும் வழக்கத்தின் உண்மையான பயன் இதுவே. அது தரத்தைக் கூட்டுவதில்லை. மேலும் குறையாமல் காக்கிறது.

வேறு இரண்டு நுட்பங்களும் கவனிக்க வேண்டியவை. எம்பி3 ஆக்கும்போது கோப்பின் தொடக்கத்தில் சிறு மௌனம் சேர்கிறது. லேம் குறிமாற்றியின் வழக்கமான அமைப்பில், விரித்தபின் அது ஏறத்தாழ 1,100 மாதிரிகள், அதாவது ஒரு வினாடியில் நாற்பதில் ஒரு பங்கு இருக்கும். படத்தோடு ஒலியைப் பொருத்தும்போதும், ஒரே தாளத்துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டும்போதும் இந்த மௌனத்தை நீக்க வேண்டும். அடுத்து, உச்ச அளவில் பதிவான இசையை விரிக்கும்போது சில மாதிரிகள் 16 பிட் எல்லையை மீறக்கூடும். 16 பிட் வேவ் ஆக்கினால் அவற்றின் முனை மழுங்கிவிடும். 32 பிட் மிதவைப்புள்ளி வடிவில் விரித்தால், ஒலியளவைத் தணித்து அவற்றைக் காப்பாற்றலாம்.

காப்பகங்களும் அன்றாடப் பதிவுகளும்

1969இல் தோன்றிய பன்னாட்டு ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சங்கம், பழைய நாடாக்களையும் இசைத்தட்டுகளையும் எண்ணிமமாக்கும்போது குறைந்தது வினாடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட் என்ற அளவில், சுருக்கமற்ற வடிவில் சேமிக்குமாறு பரிந்துரைக்கிறது. பின்னாளில் இரைச்சல் நீக்கும் நல்ல கருவிகள் வரலாம். அவை வேலை செய்ய முழு ஒலியும் வேண்டும் என்பதே இதன் நோக்கம். ஒரு முதியவரின் நாட்டுப்பாடலைப் பதிந்து, எம்பி3 ஆக மாற்றி, மூல நாடாவை எறிந்துவிட்டால், அந்தப் பாடலின் எஞ்சிய வாழ்வு முழுவதையும் அன்றைய குறிமாற்றியின் கணிப்பே தீர்மானித்துவிடும்.

இன்று இச்சிக்கல் கைப்பேசியில் தொடங்குகிறது. வாட்ஸ்அப் குரல் செய்திகள் 2012இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் என்னும் சுருக்க முறையில் அனுப்பப்படுகின்றன. கைப்பேசி நிகழ்படங்களின் ஒலி பெரும்பாலும் 1997இல் வந்த ஏ.ஏ.சி. முறையில் அமைகிறது. குடும்ப நினைவுகளும் கள ஆய்வு நேர்காணல்களும் பிறக்கும்போதே சுருங்கியே பிறக்கின்றன. அத்தகைய கோப்பு கிடைத்தால், வந்த வடிவிலேயே அதைத் தொடாமல் பாதுகாத்து, அதன் படியொன்றை விரித்துத் தொகுப்பதே முறை. பதிவுக்கு முன்பே வாய்ப்பிருந்தால், பதிவுச் செயலியில் வேவ் அல்லது ஃபிளாக் வடிவைத் தேர்ந்துகொள்வது அதைவிடச் சிறந்தது. இணைய வேகமும் சேமிப்பு இடமும் பெருகிவிட்ட நிலையில், எம்பி3 பிறப்பதற்குக் காரணமான நெருக்கடி பெரும்பாலும் நீங்கிவிட்டது. பதிவு செய்யும் வேளையிலேயே ஒலியைச் சுருக்கும் பழக்கம் மட்டும் இன்னும் தொடர்கிறது.